திமிங்கலத்தின் ஓர் எலும்பு

நைனா, இன்று வீடு கழுவினேன். அடுப்படிச் சுவரோரம் சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் மற்ற தரையோடு சேரவில்லை. நீ உட்கார்ந்து வலை தைக்கும் திமிங்கல எலும்பு அங்கேதான் கிடந்தது.

உன் தாத்தா காலத்தில் நம் குப்பத்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கலம். சதை போகும்வரை மணலில் புதைத்து, பிறகு தோண்டி, எலும்புகளைக் கால்வாய் வழியே படகில் பட்டணத்து மியூசியத்துக்கு அனுப்பினார்களாம். தூக்கப் போன உன் தாத்தா முதுகெலும்பில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு உருட்டி வந்துவிட்டார். மியூசியத்தில் அந்த இடத்துக்கு மரத்தில் ஒன்று செதுக்கி மாட்டினார்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது அதைக் காட்டக் கூட்டிப்போனாய். பாடம் செய்த புலியின் முன்னால்கூட நீ நிற்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய அந்த நீளமான எலும்புக்கூட்டின் கீழே போய், "அதோ, கலர் மாறிக்கினு கீதே, அது மரம். நெஜம் நம்ம ஊட்டுல கீது!" என்று கத்தினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரோ போலத் தள்ளி நின்றுகொண்டேன்.

"எங்க தாத்தா பண்ணது திருட்டுதான்மா. என் காலத்துலயே குடுத்துடணும்" என்றாய் திரும்பும்போது.

இரண்டு வருஷம் கழித்து அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினாய்.

"இன்னாண்ணே, ஆட்டுக்கல்லா?" என்றார் கண்டக்டர்.

"திமிங்கலம்பா. அர டிக்கெட்டு போடு."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மியூசியம் வாசலில், சாக்கை உள்ளே விட முடியாது, முதலில் ஆபீசில் கேட்டு வாருங்கள் என்றார்கள். "நீதான் படிக்கிற பொண்ணு, போய்ப் பேசு" என்று என்னை அனுப்பினாய். உள்ளே இருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "யாரும்மா வேணும்?" பஸ் சிரித்தது நினைவுக்கு வந்தது. "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிட்டேன். நீ வேப்பமரத்தடியில் சாக்கோடு எழுந்து நின்றாய்.

"வேணாம்னுட்டாங்க நைனா."

நீ கோபப்படவில்லை. "சரி வுடு. உன்ன வேற பேஜார் பண்ணிட்டேன்" என்று அதை மறுபடி தோளில் ஏற்றினாய். "திருட்டுப் பொருள கவருமெண்டே தொடல பாரு" என்று குப்பத்தில் உன்னைக் கிண்டல் செய்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு நீ அதன்மேல் உட்காரவே இல்லை.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். போன மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய்.

போன வாரம் லீவு போட்டு, ஆட்டோ வைத்து எலும்பைக் கொண்டுபோனேன்.

"இத்தனை நாளா ஏம்மா கொண்டு வரல?" என்றார் ஆபீசர்.

"எங்க நைனா கொண்டாந்தாரு சார். நான்தான் உள்ள வந்து சொல்லல."

அவர் ரெஜிஸ்டரைத் திறந்தார். கொடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அன்னிக்கு உன் நைனாவ வேணாம்னு அனுப்புனவங்க, இப்ப மட்டும் எப்பிடிடீ வாங்கிக்கினாங்க?"

"அந்த ஆபீசர் மாறிட்டாரும்மா" என்றேன்.

அதே ஆள்தான், நைனா.