மறுபடியும் ஒரு துண்டு சதை

அன்புள்ள அப்பா,

நீங்கள் வேலை பார்க்கும் ஜூபா நகரிலிருந்து சொல்லியனுப்பியதைச் சித்தப்பா சொன்னார். "எல்லாம் சொத்தைப் பல்லு. இன்னொண்ணைப் பிடுங்கு. ஆஸ்பத்திரியில மறுபடி கத்தி வைக்க விடாதே." தம்பி ஓஜாராவுக்கு ஏற்கெனவே மூன்று பல்லைப் பிடுங்கியாயிற்று. தாடை மட்டும் வீங்கிக்கொண்டே போகிறது. கூழைக்கூட விழுங்க முடியாமல் அழுகிறான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவன் தாடையிலிருந்து பரிசோதனைக்கு வெட்டியெடுத்த சதை முழுக்கச் செத்துப்போனதாம். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லையாம். மறுபடியும் வெட்ட வேண்டுமாம். யாரிடமும் வாய் திறக்காத நான் நர்ஸ் அச்சிரோ அக்காவிடம், "ஒழுங்கா வெட்டத் தெரியாதா?" என்று கேட்டேவிட்டேன்.

"நல்லாத் திட்டு கண்ணு. ஆனா இது நிணநீர்ப் புத்துநோய்னு சந்தேகப்படுறோம். மளமளன்னு வளர்றதால நடுவுல சதை செத்துப்போயிடும். எந்த வகைன்னு சதையைப் பார்த்தாத்தான் தெரியும். தெரிஞ்சா மருந்துலயே கரைக்கலாம். வீட்டுப் பெரியவங்க யாராவது சரின்னு சொல்லணும்."

சித்தப்பாவோ, "அண்ணன் சொல்லாம நான் எப்படி?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நீங்களோ போனை எடுப்பதில்லை.

எனக்குப் பதினெட்டு வயது என்று சொல்லி, நானே சரி என்றுவிட்டேன். லாரிக்காரர் இதை உங்களிடம் சேர்ப்பதற்குள் வெட்டியிருப்பார்கள். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள்.

உங்கள் மூத்த மகள்