அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை

மோர்னிங்சைட், ரொறன்ரோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் ஷரோனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் பேர்த் நகரில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். வழக்கம்போல “நாங்கள் எல்லோரும் சுகம்” என்று எழுதத்தான் கை வந்தது, ஆனால் அப்பா வீட்டில் இல்லை, அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கு முதல் உனக்குத் தெரிந்திருக்கிறது, பிறகு எப்படி அதை எழுதுவது? இந்தக் கிழமை நீ எடுத்த போன் ஒன்றையும் நான் தூக்கவில்லை. அது வெறும் கோபம் என்று நினைக்காதே பிள்ளை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. எழுதினால் ஒழுங்காக வரும் என்று மேசையில் இருந்துவிட்டேன். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய், பரவாயில்லை, இது மெதுவாக வாசிக்க வேண்டிய விஷயம்தான்.

பரிஸ் நகரில் கிளிபோட் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் என்று சொல்லித்தான் அப்பா வெளிக்கிட்டார். என் முழங்காலோடு அவ்வளவு நேரம் பிளேனில் இருக்க முடியாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று நானே அவருடைய கோட்டை எடுத்து அயர்ன் பண்ணி, வெள்ளை சேர்ட் இரண்டு மடித்து வைத்தேன். கலியாணம் முடிந்த மறுநாள் கிளிபோட் போன் எடுத்தார். “அண்ணி, சீமோன் அண்ணைக்குச் சுகமில்லையோ? வருவார் எண்டு முன்வரிசையில கதிரை விட்டு வைச்சிருந்தனாங்கள்” என்றார். நான், “அவர் போன கிழமையே அங்க வந்திட்டாரே தம்பி” என்றேன். உடனே அப்பாவின் போனுக்கு அடித்தால் அது நிறுத்தியிருக்கிறது. விமானத்தில் ஏதும் நடந்ததோ, வழியில் மயங்கி விழுந்தாரோ, ஆஸ்பத்திரியில் பெயர் ஊர் தெரியாமல் கிடக்கிறாரோ என்று ஓடாத நினைவில்லை. பேஸ்மென்ற் அலுமாரியைத் திறந்து பார்த்தேன், நான் அயர்ன் பண்ணிக் கொடுத்த கோட்டு குளிர் ஜக்கெற்றுகளுக்குப் பின்னால் தொங்குகிறது. அதைக் கண்டவுடன்தான் உனக்கு அடித்தேன். நீ ஒரு பதற்றமும் இல்லாமல், “அம்மா, ரிலாக்ஸ், அப்பா ஓகே, அவர் போலந்தில நிக்கிறார்” என்றாய். போலந்தில் எங்களுக்கு ஆர் இருக்கினம் என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை, சும்மா பார்க்கப் போனவர் என்றாய். அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தது.

உன்னில் பிழை சொல்ல வரவில்லை, ஆனால் நீ செய்ததை நீயே ஒருமுறை யோசித்துப் பார். பென்சன் எடுத்து வீட்டிலிருக்கிற மனுசனுக்கு ஆகக் குறைந்த ரிக்கற்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, முதுகில் கொழுவுகிற பை ஒன்றை ஒன்லைனில் வாங்கி அனுப்பி, முன்பின் தெரியாத பெடியள் பெட்டைகளோடு ஒரே அறையில் தட்டுக் கட்டிலில் படுக்க இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். அடுத்த நாள் அப்பா எடுத்தபோது ஏதோ ஹொஸ்டல் குசினியில் முட்டை பொரித்துக்கொண்டு நின்றார். நான் அழுகிறேன், அவர் எனக்கு வகுப்பெடுக்கிறார். கட்டில் பதியும்போதே கீழ்த்தட்டு வேண்டும் என்று கேட்டுவிட வேண்டுமாம். அறையில் சாமான் வைக்கிற பெட்டிக்குச் சொந்தப் பூட்டு கொண்டு போக வேண்டுமாம், அங்கே தரமாட்டார்களாம். பாஸ்போர்ட்டைச் சேர்ட்டுக்கு உள்ளே கட்டிக்கொள்ள வேண்டும், கடையில் இருந்து சாப்பிடும்போது போனை மேசையில் வைக்கக் கூடாது, புது ஊருக்கு வெளிச்சத்தோடு போய் இறங்குகிற மாதிரி பஸ் எடுக்க வேண்டும், சுப்பர்மார்க்கெற்றில் பாணும் சீஸும் வாங்கினால் ஒரு நாள் ஓடிவிடும், ஊரைச் சுற்றிக் காட்டக் காசு கேட்காத ஆட்கள் காலையில் சதுக்கத்தில் நிற்பார்கள், கடைசியில் விரும்பினதைக் கொடுத்தால் போதும். இன்னும் ஒன்றும் சொன்னார். தனியப் போகிற ஆள் எந்த நாள் எங்கே நிற்கிறேன் என்று ஒரு ஆளுக்குக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டுமாம். “உதெல்லாம் ஷரோன் பழக்கினது” என்று பெருமை வேறு. அந்த ஒரு ஆள் நீ. அவரோடு ஒரே வீட்டில் இருந்து உன்னைப் பெற்று வளர்த்த நான் இல்லை. எனக்கு அந்த இடத்தில் பொறுக்கவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். “உங்களுக்கு அங்க வேற குடும்பம் ஏதும் இருக்கோ?” என்று கேட்டேன். அவர் சிரிப்பார், இல்லையென்றால் ஏசுவார் என்று நினைத்தேன். அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “நான் உந்த வழியாலதான் கனடாவுக்கு வந்தனான் அன்ரனெற். இத்தனை நாட்டைக் கடந்து வந்தனான், ஒண்டையும் கண்ணால காணேல்லை” என்றார்.

அவர் வந்த வழியைப் பகலில் பார்க்க ஆசைப்பட்டார், அம்மாவுக்குச் சொன்னால் விடமாட்டா என்று ஒளித்தவர் என்றுதான் நீயும் நினைத்திருப்பாய். உனக்குச் சொன்னது அவ்வளவுதான் என்று அவரே சொன்னார். மிச்சத்தை இப்போது நான் சொல்கிறேன், இருந்து வாசி. சண்டைக்குத் தப்பி மொஸ்கோவில் இறங்கி, ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் சொன்ன லொறிகளில் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்துப் படுத்துப் போலந்துவரை வந்திருக்கிறார்கள். கூட வந்தவர்களில் நவரட்ணம் என்று ஒருவர், பருத்தித்துறைப் பக்கம், அப்பாவின் வயதுதான். லொறிக்குள் இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் படுத்தவர்களாம். போலந்துக்கும் ஜேர்மனிக்கும் நடுவில் ஓடுகிற ஆற்றை நடந்து கடக்க வேண்டும் என்று கூட்டி வந்தவன் இறக்கி விட்டிருக்கிறான். எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கியிருக்கிறார்கள். அப்பாவின் கைக்குள் நவரட்ணத்தின் கை இருந்ததாம். நடுவில் தண்ணி இழுவை. கரைக்கு ஏறிப் பார்த்தபோது அந்தக் கை இல்லை. சத்தம் போட்டால் எல்லாரும் பிடிபடுவீர்கள் என்று கூட்டி வந்தவன் சொல்லியிருக்கிறான். ஒருவரும் சத்தம் போடவில்லை. அப்பாவும் போடவில்லை. ஈர உடுப்போடு நடந்தார்களாம். கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனுசன் படுக்கை அறைக் கதவைச் சாத்த விட்டதில்லை. நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரெயினில் ஏறமாட்டார், இரண்டு பஸ் மாறிப் போவார். பிடிவாதம் என்று எத்தனை தரம் பேசியிருக்கிறேன்.

இதோடு முடிந்ததென்றால்கூடப் பரவாயில்லை. மில்லிக்கனில் கடைகள் இருக்கிற பிளாசா ஒன்றில் உடுப்புத் திருத்துகிற தவமணியை உனக்குத் தெரியும், உன்னுடைய கொன்வகேஷன் உடுப்பை இடுப்பில் பிடித்துத் தந்தவ. நான் போகும்போதெல்லாம் அப்பா காரை விட்டு இறங்கமாட்டார், பாக்கிங் இல்லை என்பார். நவரட்ணம் அவவின் அண்ணா. அது அப்பாவுக்கு எப்பவோ தெரிந்திருக்கிறது பிள்ளை. எத்தனை வருஷமாக அவவிடம் பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்! போன மாரிக் குளிருக்கு முதல் ஒரு செத்தவீட்டில் அவ அப்பாவுக்குப் பக்கத்தில் வந்திருந்து, “அண்ணை, நீங்களும் மொஸ்கோவாலதானே வந்தனீங்கள்? எங்கட அண்ணா நவரட்ணத்தை எங்கையும் கண்டனீங்களோ?” என்று கேட்டிருக்கிறா. மறியலில், ஜெயிலில் இருக்கிறார் என்று ஏஜென்சிக்காரன் அந்தக் காலத்தில் சொன்னதை அந்தக் குடும்பம் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. அப்பா “இல்லைத் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாடும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. நான் அவரைப் பிறஷர் பார்க்கக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். ஆள் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் வெறும் வாயால் போய்ச் சொல்ல அவருக்கு முகமில்லை. அதைத் தேடித்தான் போனவர்.

அந்த ஆற்றங்கரை ஊரில் ஹொஸ்டல் கவுண்டரில் நின்ற பெண்பிள்ளை ஒன்று இவர் உடைந்த இங்கிலீசில் சொன்னதைக் கேட்டுவிட்டு, தானே கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குப் போன் பண்ணி, வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஆற்றில் எடுத்த ஆட்களைத் தாட்ட இடம் ஒரு மூலையில் இருக்கிறது, மரக் குருசுகள், பெயர் இல்லை. அதில் எது நவரட்ணம், அவர் அங்கேதான் இருக்கிறாரா என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்பா எல்லாவற்றிலும் மெழுகுதிரி கொளுத்தினாராம். பிறகு ஆற்றங்கரையிலிருந்து எனக்கு வீடியோவில் எடுத்தார். நல்ல வெயில். நான் கடல் மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஷரோன், அது எங்கள் பிளாசாவின் கார் பாக் அளவுகூட அகலம் இல்லை. மேலே ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள், ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டபடி ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போகிறாள். “பாத்தீரே? இவ்வளவுதான் ஆறு. இவ்வளவுதான்” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, “எனக்குப் போனில தவமணிக்குச் சொல்ல வராது. நான் வந்து சொல்லும்வரைக்கும் பொறுக்கவும் ஏலாது. நீர் ஒருக்காப் போறீரே?” என்று கேட்டார்.

நான் நேற்று மத்தியானம் போனேன். தவமணி, “வாங்கோ அக்கா, இருங்கோ, ரீ போடுறன்” என்று எழும்பினா. ரீ வேண்டாம், நீர் இரும் என்றேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா பொய் சொன்னதையும் சேர்த்து. அவ அழவில்லை. கையில் இருந்த காற்சட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டா. பிறகு, “நாங்கள் வருசா வருசம் உயிரோட இருக்கிற ஆளுக்குச் செய்யிற மாதிரித்தான் அவனுக்கு அர்ச்சனை செய்யிறம் அக்கா” என்றா. “தண்ணி குளிரா இருந்திருக்குமோ?” என்று கேட்டா. ஓம், பங்குனி மாதம் என்றவர் என்றேன். அதற்குப் பிறகு கேட்டாவே ஒரு கேள்வி, அது இன்னும் என் நெஞ்சுக்குள் நிற்கிறது. “உங்கட மனுசன் கையை விட்டவரோ, அண்ணா விட்டவனோ?” நான் அப்பாவுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அவருக்கே தெரியாது தவமணி” என்றேன். வெளியே போகச் சொல்வா, ஏசுவா, அடித்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அப்போது, “அவர் இன்னும் அங்கதான் நிக்கிறாரோ?” என்றா. ஓம் என்றேன். “அப்ப அங்கயே நிக்கச் சொல்லுங்கோ. நான் வாறன்” என்றா.

உம்முடைய மகனைக் கூட்டிக்கொண்டு போம் என்று சொன்னேன், நானும் முழங்காலைப் பாராமல் வருகிறேன் என்றேன். வேண்டாமாம், தனியத்தான் போவாவாம். கனடாவுக்கு வந்த பிறகு பிளேனில் ஏறாத மனுசி. அதனால் உன்னிடம் கேட்கிறேன் பிள்ளை, அப்பாவுக்குச் செய்ததை அவவுக்கும் செய்துகொடு. பெண்கள் மட்டும் படுக்கிற அறையாகப் பார், ஸ்ரேஷனுக்கு நடக்கிற தூரத்தில் பார், வழியில் ஒரு இடத்துக்கு மேல் மாறாத ரிக்கற்றாகப் பார், கொஞ்சம் கூடக் காசு முடிந்தாலும் பரவாயில்லை. இங்கே எயாப்போர்ட்டுக்கு நான் கொண்டுபோய் விடுவேன், அங்கே பஸ்ஸால் இறங்கும்போது அப்பா நிற்பார். நேற்று அவரைப் போனில் எடுத்துச் சொன்னேன். “என்னைப் பாத்து என்ன சொல்லுவா?” என்றார். எனக்குத் தெரியாது, நீங்கள் நில்லுங்கோ என்றேன்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன், இருக்கிறது, அது மெல்லப் போகும். ஆனால் நீ அனுப்பியிராவிட்டால் அவர் ஒருநாளும் போயிருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரவு வேலைக்குப் போகிற நாளில் நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் கோப்பி குடிக்காதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும், மாதா உன் தலையில் கை வைத்திருக்கட்டும். தவமணி உன்னை இந்தக் கிழமைக்குள் எடுப்பா, தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே, தூக்கு. இங்கிலீசில் கதைக்காமல், ஆறுதலாக, தமிழில் சொல்லு.

உன்னை நினைத்தபடி,
அம்மா
அன்ரனெற்