சேலத்திலும் ஆடிய ஊசல்

என் லூர்து,

உனக்குச் சொல்லாமல் எந்தச் சேதியும் எனக்கு முடிந்த மாதிரி இருப்பதில்லை. முப்பது வருஷப் பழக்கம், திடீரென்று எப்படி விடும்? மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெயில்தான் தாங்கவில்லை. சமையல் ஓரளவு வந்துவிட்டது. ரசம் மட்டும் உன் கையில் வந்தது போல வருவேனா என்கிறது.

உன் ஊசலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கல்லூரி இயற்பியல் கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே, செல்போனில் எதையெதையோ பார்த்து, நில அதிர்வைப் பிடிக்கும் ஊசல் ஒன்றை நீயே செய்யப் போவதாகச் சொன்னபோது நான் சிரித்தேன். ஊசல் என்றால் கடிகாரத்தில் தொங்குவது என்றுதான் எனக்குத் தெரியும். நீ நம் வாசல் கேட்டைக் காட்டித்தான் விளங்க வைத்தாய். கேட்டைச் சாய்வாக மாட்டினால் தானே ஓடி வந்து ஒரு பக்கம் நிற்கும். சாய்வைக் குறைக்கக் குறைக்க அதன் ஆட்டம் நிதானமாகும். உன் கேட்டு ஓர் அலுமினியக் குழாய். ஒரு முனை கம்பத்தில் ஊன்றியிருக்கும், மறு முனையில் இரும்புக் கட்டி. அது ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் ஒன்று சொல்லி முடித்துவிடலாம். அவ்வளவு மெதுவாக ஆடினால்தான் தூரத்து நடுக்கம் அதில் தெரியும் என்றாய்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக்கம்பி வாங்கினாய். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தாய். காந்தத்தின் முன்னால் கம்பிச்சுருள் அசைந்தால் கம்ப்யூட்டரில் கோடு வளையும். ஆனால் நம் வீட்டில் வைத்தபோது கரும்பு லாரி போகும்போதெல்லாம் கோடு குழம்பியது. கடைசியில் வெள்ளிமலைக்கு, உன் தம்பி பீட்டர் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டு போனோம். பாறை வரைக்கும் தோண்டி, அதன்மேல் திண்டு கட்டிக் கொடுத்தவன் நான்தான். திண்டு தரையைத் தொடவே கூடாது, சுற்றிலும் சந்து விடு என்றாய். சந்து விட்டால் திட்டுகிறவர்களுக்குத்தான் நான் அதுவரை வேலை செய்திருந்தேன்.

“இது ஆடினா நமக்கு இன்னா வரப்போவுது?” என்று கேட்டேன்.

“எங்கியோ பூமி ஆடுது. அது இங்க வரிக்கும் வந்து நம்ம காலுக்கு அடியில பூந்து போவுது. நமக்குத் தெரியவே இல்லன்னா நல்லாவாங்க இருக்குது?” என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்தேன். தவக்காலத்தில் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சாமை அறுப்பு முடிந்ததும் பீட்டர் போன் பண்ணினான். “மாமா, சாம மூட்ட அடுக்க எடம் இல்ல. அக்கா சாமானு அப்பிடியே ஓடிக்கினு இருக்குது. அணைக்க எனக்கு மனசு வர்ல. நீங்களே வந்து எடுத்துக்கினு போயிடுங்க.” அவன் சொன்னதில் தப்பில்லை. சாக்கும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன்.

பீட்டர் அறையைத் திறந்துவிட்டு டீ கொண்டுவரப் போனான். ஊசலின்மேல் கவிழ்த்திருந்த கண்ணாடி மூடியை நான் இன்னும் தொடக்கூட இல்லை. குழாய் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நெல்லின் நீளத்துக்கு ஒரு பக்கம் போனது, நின்று, திரும்பி வந்தது. காற்றில்லை. லாரியில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் குறையவில்லை, கூடியது.

லூர்து, நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். “நீயா?” என்று கேட்டேன். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். பங்குச் சாமியாரிடம் சொன்னால் திட்டுவார். ஆனாலும் கேட்டேன். அது ஆடிக்கொண்டே இருந்தது. நீ போன பிறகு முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை.

அப்போது உன் நண்பர் சம்பத் கூப்பிட்டார். சேலத்தில் இதே மாதிரி ஊசல் வைத்திருக்கிறாரே, அவர்தான். “அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல கோடு வளையறதைப் பாத்தீங்களா? நெட்டுல எனக்கும் தெரியுது. இங்கயும் அப்படியே ஆடுது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ பெருசா வந்திருக்கு. அக்கா செஞ்சது எவ்வளவு சுத்தமா புடிச்சிருக்கு பாருங்க!”

ஒரே இடத்தில் ஆடினால் அது லாரி, இல்லை பல்லி. இரண்டு இடத்திலும் ஆடினால் பூமி. நீ சொல்லிக் கொடுத்ததுதான். சேலத்திலும் ஆடியதாம். நீ என்றால் சேலத்துக்கு எதற்குப் போகப் போகிறாய்?

“சரிங்க தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏமாற்றமாக இருந்தது. பூமி ஆடியதே என்று இல்லை, நீ இல்லையே என்று.

சாயங்காலம் பீட்டர் வீட்டு டி.வி.யில் காட்டினார்கள். பாஷை தெரியாத ஊர். மாடிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. நான் கொத்தனார், எந்தத் தூண் முதலில் விட்டிருக்கும் என்று என் கண் தேடியது. அப்புறம்தான் ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் கையாலேயே கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைப் பேர் மாதிரி இருந்தது. அவர் கூப்பிட ஆரம்பித்த நேரத்தில்தானே நானும் இங்கே நின்று கூப்பிட்டேன்? எனக்குச் சந்தோஷம் கொடுத்தது எது, லூர்து? அதே ஆட்டம்தானே அந்த மாடியைச் சாய்த்தது?

இலையில் கை வைக்க முடியவில்லை. பீட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அது அங்கியே கெடக்கட்டும். மூட்டைய நான் வாசல்ல அடுக்கி தார்ப்பாய் போட்டுக்கிறேன்.”

“இன்னாத்துக்குடா?”

“தெர்ல மாமா. இன்னிக்கி அதைக் கயட்டுனா தப்புன்னு தோணுது.”

அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெறும் சாக்கை மடித்துக்கொண்டு மலை இறங்கினேன்.

போன வாரம் மழையில் குழாய் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. சம்பத்தைப் போனில் வைத்துக்கொண்டு, சாய்வை மாற்றும் திருகாணியை நானே திருப்பினேன். முதலில் மறு பக்கம் போய் விழுந்தது. நூல் அளவு திரும்பத் திருப்பினேன். நடுவில் வந்து நின்றது. அதைப் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது மலையேறும் ஒவ்வொரு தடவையும் எந்த ஊரிலும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போகிறேன். நிஜமாகத்தான் வேண்டுகிறேன். ஆனால் உள்ளே போய், கோடு நேராக இருப்பதைப் பார்த்தால் மனசு இறங்கிப் போகிறது. அதுவும் நிஜம்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? உனக்கும் இப்படி இருந்ததா? நான் கேட்காமலே விட்டுவிட்டேனே.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உடம்பு ஏறுகிற வரைக்கும் மாசம் தவறாமல் ஏறி அதை நிமிர்த்தி வைப்பேன். அது ஆடினால் முதலில் அந்த ஊர்க்காரர்களை நினைப்பேன், அப்புறம் உன்னை. அந்த வரிசை இன்னும் பழகவில்லை. பழகிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
சவரி