தலைப்பு மட்டும் தெரியும் வரிசை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் பதினேழு மஞ்சள் இலை. "என் செடி இலை மஞ்சளாகுது, ப்ளீஸ் ஹெல்ப்." எந்தச் செடி, எத்தனை வயது, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? ஒன்றும் கிடையாது. மங்கலாக ஒரு படம். அதிலும் பாதி அவர்களுடைய கட்டைவிரல். நான்கு வருஷமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆன்லைன் செடிக் குழுவின் உச்சியிலேயே தேடுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. 'மஞ்சள்' என்று அடித்தால் முந்நூறு பதில் வந்து விழும். அடிக்க மாட்டார்கள். விரல் தேய்ந்துவிடும்.

இன்னொருவர் "உங்க பனைமரக் குழுவில் சேர்ந்ததில் மகிழ்ச்சி" என்கிறார். பனை இல்லை ஐயா, சைக்காட். டைனோசர் மேய்ந்த செடி. பூக்காது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து உச்சியில், இலைகளுக்கு நடுவே ஒரு கூம்பு விடும். ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. கூம்பு வரும்வரை எது எது என்று கடவுளுக்கே தெரியாது. முகப்பில் முதல் வரியே இதுதான். படித்தால்தானே.

நாளெல்லாம் எக்ஸ்ரே அறையில் "மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இந்த அட்மின் வேலை. இரண்டும் ஒன்றுதான். பிடி என்றால் விடுவார்கள், விடு என்றால் பிடிப்பார்கள். எலும்பில் விரிசல் எங்கே என்று டாக்டர் கண்ணாடியை மாட்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷப் பழக்கம். ஆனால் "என்னம்மா தெரியுது?" என்று கேட்டால் "டாக்டர் சொல்வார்" என்பதோடு சரி. அது விதி. விதி இருந்தால்தான் வேலை நடக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

எடுத்துவிட்டேன்!

பதினான்கு வருஷம் வளர்த்த என் நீல இலைக்காரன் முதல்முறையாகக் கூம்பு விட்டான். ஆண். காகிதத்தை விரித்து மெல்லத் தட்டினேன். மகரந்தம் மாவு மாதிரி கொட்டியது. சலித்து, உலர்த்தி, சின்னப் புட்டியில் அடைத்து, மூடியில் தேதி எழுதி, ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டுக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இது திங்கறதா, கும்பிடறதா?" என்றார். தொட்டால் கை இருக்காது என்றேன்.

இனி பெண் வேண்டும். பெண் கூம்பு செதில்களை லேசாகத் திறந்து வைத்திருப்பது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதற்குள் இந்தப் பொடி உள்ளே போனால் விதை. போகாவிட்டால் ஒன்றுமில்லை. நீல இலையில் பெண் வைத்திருக்கிறேன் என்று எங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. குழுவின் முகப்பில் அறிவிப்பு போட்டிருக்கிறேன். புட்டி ஒரு வருஷம் தாங்கும். அதற்கு மேல் யாரும் உறுதி சொல்வதில்லை.

எனக்கு இந்த விதை வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொருளுக்கு இப்படி ஆசைப்படுவது வெட்கமாகக்கூட இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 11, புதன்

ஒருவர் பிளாஸ்டிக் செடியைப் படம் எடுத்துப் போட்டு "ஏன் வளரல?" என்று கேட்டிருக்கிறார். நான்கு பேர் உரம் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 19, வியாழன்

வாத்தியாருடன் போனில் ஒரு மணி நேரம் சண்டை. இன்னொரு அட்மின் அவர்தான், ரிடையரான கணக்கு வாத்தியார். மஞ்சள் இலை ஒவ்வொன்றுக்கும் முதல் தடவை கேட்பது போலப் பதில் எழுதுவார். அவர் கொடுக்கிற செல்லம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"கேள்விய ஒழுங்கா கேக்கத் தெரிஞ்சவன் நம்மகிட்ட எதுக்கும்மா வர்றான்? அவனுக்குத்தான் பாதி விடை தெரிஞ்சுபோச்சே" என்றார்.

"தெரியாதவங்க படிச்சிட்டு வரட்டும் சார். விதி மொத்தமே ஆறு பக்கம்தான்."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமேன்னு குழுவுல உன்னைத்தான் சொல்றாங்க."

சொல்லட்டும். பூசாரி இல்லாத கோயிலில் செருப்பு கருவறைக்குள் கிடக்கும்.

கடைசியில் "உன் இஷ்டம்" என்றார். என் இஷ்டப்படியே செய்தேன். குழுவைப் பதினான்கு அறைகளாகப் பிரித்தாயிற்று. மண், தண்ணீர், பூச்சி-நோய், கூம்பு, விதை என்று. தலைப்பில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: வகை, வயது, பிரச்சினை. உதவி, அவசரம், ப்ளீஸ் என்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் பதிவு தானாக நின்றுவிடும். புதியவர்களின் பதிவு எதுவானாலும் முதலில் வரிசையில் நிற்கும், நான் பார்த்து விட்டால்தான் உள்ளே. படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது. அதனால் வரிசையில் தலைப்பு மட்டும் தெரியும்படி வைத்துவிட்டேன். திருப்பி அனுப்புவதற்கு ஒன்பது பதில்கள் எழுதி எண் போட்டு வைத்திருக்கிறேன். எண்ணைத் தட்டினால் போதும்.

ஏப்ரல் 2, வியாழன்

சுத்தம் என்றால் இது சுத்தம். ஒரு நாளைக்கு அறுபது பதிவு வந்த இடத்தில் இப்போது ஒன்பது. மஞ்சள் இலை பூஜ்யம். வாத்தியார் "சத்தமே இல்லையேம்மா" என்கிறார். சத்தம் வேண்டுமானால் சந்தைக்குப் போகட்டும்.

இன்று திருப்பியவை: 'ப்ளீஸ் யாராவது', 'வணக்கம் நண்பர்களே', 'அவசரம் செடி நடுவுல கட்டி வெட்டிடலாமா', 'இது விஷமா (நாய் தின்னுடுச்சு)'. நாய்க்காரருக்கு மட்டும் கால்நடை டாக்டரிடம் ஓடச் சொல்லி எழுதினேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை. மற்ற மூன்றுக்கும் நாலாம் நம்பர்: தலைப்பு விதிப்படி இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அந்தக் 'கட்டி' ஆள் மறுபடி வந்திருக்கிறார். குழுவில் பெயர் 'தையல்கடை'. இந்தத் தடவை தலைப்பு: 'செடி'. அவ்வளவுதான். செடி வளர்ப்பவர்கள் குழுவில் வந்து 'செடி'. ஆஸ்பத்திரிக்கு வந்து டோக்கன் கொடுக்கும் இடத்தில் 'உடம்பு' என்று சொல்வதுபோல.

ஏழாம் நம்பர் தட்டினேன்: தலைப்பு போதாது, விதிகளைப் படிக்கவும். மனசு ஆறவில்லை. கீழே என் கையாலும் ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் கடையில் அளவெடுக்காமல் துணியை வெட்டுவீர்களா?"

நல்ல வரி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பாவம்டி" என்றார். இவருக்கு எல்லாரும் பாவம்தான், என்னைத் தவிர.

ஏப்ரல் 9, வியாழன்

வேறு மூன்று குழுக்களிலும் கேட்டுவிட்டேன். பெண் இல்லை. ஒரே ஒரு பெண், கடவுளே.

ஏப்ரல் 18, சனி

காலையில் வரிசையைத் திறந்தால் முதல் தலைப்பு:

'நீல இலை சைக்காட் / வயது சரியாகத் தெரியாது, மாமியார் வைத்தது, 20க்கு மேல் / கட்டியை வெட்டிய பின் பராமரிப்பு.'

மூன்றும் இருக்கிறது. சாய்கோடு கூட விதிப்படி. அனுப்பியவர் யார் என்று பார்த்தால் தையல்கடை. இரண்டு தடவை திருப்பியதில் ஆள் எப்படித் தேறிவிட்டார் பாருங்கள். தலைப்பை அப்படியே படமெடுத்து வாத்தியாருக்கு அனுப்பினேன். "புதியவர்களுக்குச் சொன்னால் புரியாது என்றீர்களே சார். இதோ" என்று எழுதி, பதிவை உள்ளே விட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். மூச்ச இழுங்க. புடிங்க.

பத்து நிமிஷத்தில் வாத்தியார் போன். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"படத்தத் தொறந்து பாத்தியாம்மா?"

(பிறகு)

பார்த்தேன். வெட்டிய கட்டி பிளாஸ்டிக் பேசினில் சாய்ந்து கிடக்கிறது. அன்னாசி மாதிரி, ஆனால் இரண்டு மடங்கு பருமன். பெண் கூம்பு. நீல இலையின் பெண் கூம்பு. செதில்கள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கோடு இடைவெளி. வெட்டிய அன்றைக்குத் திறந்துதான் இருந்திருக்கிறது. கூம்பைச் சுற்றித் தையல் டேப் சுற்றியிருக்கிறது.

படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார்: "அட்மின் மேடம் சொன்ன மாதிரி அளவெடுத்துட்டுத்தான் வெட்டினேன். உயரம் 16 அங்குலம். சுத்தளவு 25. வெட்டின இடத்துல என்ன தடவணும்?"

நாலாம் தேதி கேட்டாளா, இல்ல ரெண்டாம் தேதி. ரெண்டாம் தேதியே கேட்டிருக்கா. வெட்டிடலாமான்னு. எனக்கு அப்பவே நடுவுல கட்டின்னா என்னன்னு தோண வேண்டாமா? நடுவுல வேற என்ன வரும்? பதினாலு வருஷமா நடுவையே பாத்துட்டிருந்தவளுக்கு? படத்தப் பாத்து சொல்றதுதானேடி உன் பொழப்பே. ஒரு தட்டு தட்டியிருந்தா படம் தொறந்திருக்கும். ஒரே ஒரு தட்டு.

அந்தப் பழைய இரண்டு பதிவுகளையும் தேடி எடுத்தேன். இரண்டிலும் படம் இருக்கிறது. ஏப்ரல் 2 படத்தில் செதில் மூடியிருக்கிறது. ஏப்ரல் 6 படத்தில் கீழ்வரிசை திறக்க ஆரம்பித்திருக்கிறது. ஊருக்கே தெரியும்படி தெளிவான படம். கட்டைவிரல் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் நாற்பது நிமிஷம், அவ்வளவு பக்கம். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், காலடியில் வெட்டுத்துண்டுகள், சுவரில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் டேப். குழுவிலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார்.

செடி பின்கட்டில் சிமெண்ட் தொட்டியில் நிற்கிறது. என்னுடையதைவிட இரண்டு மடங்கு. இலை ஒவ்வொன்றும் சாம்பல் பூசிய நீலம். நடுவில் வெட்டுவாய், அதன்மேல் மஞ்சள்பொடி அப்பியிருக்கிறார். நேர்த்தியான வெட்டு. கை தேர்ந்தவர்.

"அந்த அட்மின் மேடம் கொஞ்சம் கறாரு. ஆனா அவங்க சொன்னாங்கன்னுதான் உக்காந்து ஆறு பக்கத்தையும் படிச்சேன். பையன் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினான், எனக்குச் சின்ன எழுத்து தெரியல" என்றார்.

"நான்தாங்க அது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? போன்ல பாத்தா பெரிய ஆளாத் தெரிஞ்சுது" என்று சிரித்தார். பிறகு நான் ஏன் வந்தேன் என்று சொன்னேன். புட்டி, பெண், பத்து நாள், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு நின்றது. டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"பக்கத்து வீட்டுக்காரர் அது நோயி, வெட்டிடுன்னார். எனக்கு மனசில்ல, அத்தை வச்ச செடி. அதான் உங்ககிட்ட கேட்டேன். வெட்டலாமான்னுதானே கேட்டேன். வெட்டாதேன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாமேக்கா."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும். மன்னிச்சுடுங்க என்றேன். டீ கொடுத்தார். குடித்தேன்.

மே 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதினேன். இரண்டு பதிவையும் திருப்பி அனுப்பியது நான், எழுதிய கிண்டலும் என்னுடையது என்று. ஒருவன் "பூசாரிக்கே வரம் போச்சு" என்று போட்டான். வாத்தியார் நீக்கினார். நான் திரும்பப் போட்டேன். அது இருக்கட்டும்.

தலைப்பு விதியை எடுத்தாயிற்று. வரிசையில் இப்போது படம்தான் பெரிதாகத் தெரிகிறது. அறைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். தப்பான அறையில் போட்டால் நானே தூக்கிச் சரியான அறையில் வைக்கிறேன். வருகிறவர்களைத் துரத்தத்தான் கூடாது, வீட்டைக் கூட்டாமல் போட்டு வைக்க யாரும் சொல்லவில்லை.

மே 6, புதன்

மஞ்சள் இலை இருபத்தொன்று.

அடுத்த வருஷம், மார்ச் 8, திங்கள்

எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று வாத்தியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். புத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றைக்கும் வரிசையில் பதினொன்று. ஒன்றுக்குத் தலைப்பு 'ஹாய்'. ஒன்றுக்குத் தலைப்பே இல்லை. பத்து மஞ்சள் இலை, ஒன்று வாழைக்கன்று. எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் போட்டேன். பதினொரு படத்தையும் திறந்து, பெரிதாக்கி, நடுவைப் பார்த்தேன்.

தையல்கடை அக்கா இப்போதெல்லாம் எனக்கு முன்னால் புதியவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறார். பாதி தப்பு. நான் போய்த் திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் செடியைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார், பக்கத்தில் டேப்போடு. நேற்றும் வந்தது. "இந்தத் தடவையும் இலைதான்க்கா, கூம்பு இல்ல. நீளம் ஒன்பது அங்குலம்." அவருக்கு இன்று எழுதினேன்: இலை நல்லா இருக்கு, தண்ணியக் கொறச்சுக்குங்க.

சாயங்காலம் இவர் பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். புட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மூடியில் இருந்த தேதியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பிறகு பட்டாணியை எடுத்துவிட்டு, புட்டியைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினார்.