பக்கத்து மேசை ஸ்லைடு

பிப்ரவரி 3
விரல் நுனியெல்லாம் ஊதா. எந்தச் சோப்புக்கும் இந்தச் சாயம் மசியாது. ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சொந்தக்காரர் ரத்தம் வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரு மாதமாகக் காய்ச்சல் விடாத தம்பியின் ரத்தம் எடுத்த குழாய் இன்று வந்தது. தள்ளினேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பிப்ரவரி 4
ரத்தப் புற்று. எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

பிப்ரவரி 9
தம்பி லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான். "என் நல்ல ரத்தமெல்லாம் எங்க போச்சு டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் தாய் செல்கள் இருக்கின்றன. அவை நிம்மதியாக வேலை செய்ய அக்கம்பக்கம் சரியாக இருக்க வேண்டும். "புற்று செல் அந்த இடத்தையே தனக்கு ஏத்த மாதிரி மாத்திடும். நல்ல தாய் செல் எல்லாமே செத்துப்போகல. பாதி தூங்குது. எழுந்திருக்க விடாம வச்சிருக்கு."

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 21
மருந்துக்கு நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் திரும்ப வரும் ரகமாம். வேறொருவர் தாய் செல்லை ஏற்ற வேண்டும். என்னுடையது பொருந்துகிறது. அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 30
எனக்கு ஒரே பயம். புற்று கெடுத்து வைத்த அதே இடத்துக்குத்தானே என் செல்களும் போகப்போகின்றன? அங்கே போய் அதுகளும் படுத்துத் தூங்கிட்டா?

தம்பியிடம் சொன்னேன். "உன் செல்லா? அது எங்கக்கா தூங்கும், யாரையாவது திட்டிக்கிட்டே இருக்கும்" என்றான். முடியெல்லாம் கொட்டிய தலையோடு இந்தக் கிண்டல்.

மே 14
தாய் செல்கள் ரத்தத்தில் இறங்கி வரப் போட்ட ஊசிகளில் என் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. நேற்று என்னிடம் செல்களை எடுத்தார்கள், இன்று அவனுக்கு ஏற்றினார்கள். ஒரு சின்னப் பை. இவ்வளவுதானா என்று இருந்தது.

மே 27
அவன் கண்ணாடி அறையில். வெள்ளணுக்கள் இல்லவே இல்லை. என் செல்கள் போய்ச் சேர்ந்தனவா? இடம் கிடைத்ததா? யாரைக் கேட்பது?

ஜூன் 1
பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். தம்பியின் ஸ்லைடு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. திருடி மாதிரி எடுத்து வைத்துப் பார்த்தேன். முதிராத செல்கள். பெரிய உட்கரு, சுற்றிலும் துளி நீலம். ஒன்றல்ல, அங்கங்கே இருக்கு. நோய் திரும்பி வந்துடுச்சு. ஐயோ, என் செல்லெல்லாம் வீணாப்போச்சு.

ஜூன் 2
அவனைப் பார்க்கப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவான். அம்மாவிடம் தலைவலி என்றேன்.

ஜூன் 4
தம்பி போனில் கூப்பிட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ஏன்கா வரல? எனக்குக் குடுத்ததுல உனக்கு எதுவும் ஆயிடுச்சா?"

அவன் எனக்காகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறான். போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு நேரே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவருக்குக் கோபம் வந்தது. சொந்தக்காரர் ஸ்லைடை ஏன் தொடக் கூடாது என்று இப்போது புரிகிறதா என்று கேட்டார். அப்புறம்தான் குரல் இறங்கியது. "அவருக்கு வெள்ளணு வளர ஊசி போட்டிருக்கோம். புதுசா வேர் பிடிக்கிற செல்லு அவசரத்துல முதிராத குஞ்சு குளுவானையும் வெளிய தள்ளும். நீங்க பார்த்தது நோயாவும் இருக்கலாம், உங்க செல்லாவும் இருக்கலாம். கண்ணால சொல்ல முடியாது. அது ஆண் செல்லா பெண் செல்லான்னு பார்க்க அனுப்பியிருக்கேன்."

இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கிறேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பயந்த கண்ணுக்குப் பேய்தானே தெரியும்.

ஜூன் 5
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினேன். அவனும் ஆட்டினான். பயமே இல்லாத மாதிரி இருவரும் நடித்தோம்.

ஜூன் 10
பெண். பார்த்த செல் எல்லாம் பெண். என்னுடையவை.

கண்ணாடி அறைக்கு ஓடிப்போய் வெளியே நின்று அவனைப் போனில் கூப்பிட்டேன். உள்ளே தம்பி போனை எடுத்தான். "சொன்னேன்ல, உன் செல்லு தூங்கவே தூங்காதுன்னு. இனிமே எனக்குக் கோவம் வந்தா உன்னைத்தான் சொல்லணும்." பயம் முழுசாகப் போகவில்லை. இன்னும் எத்தனையோ சோதனைகள் இருக்கின்றன. ஆனாலும் இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18
தம்பியின் குழாய் வந்தது. கை ஒரு நொடி அதிலேயே நின்றது. பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஸ்லைடைப் பார்த்து முடித்த பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வரலாமா?" என்றார்.