கிழிகாதி ரோட்டைக் கடக்கிறாள்

மார்ச் 3
ரோட்டு வளைவில் என் வேகத்தடையின் தார் காய்ந்துவிட்டது. என்னுடையதுதான். இந்த வளைவில் குரங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல், காட்டுக் காவல்காரியான நான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கியது. இனி ஒன்றும் அடிபடாது. ஆள் ஏற்றும் டாலாடாலா வேன் ஓட்டும் வுவாய், "நஞ்சுக் குரங்குக்கு இவ்வளவு மரியாதையா அக்கா?" என்றான். ஊரார் நஞ்சு என்று ஒதுக்கினாலும், நம் தீவைத் தவிர எங்கேயும் இல்லாத குரங்கு. மரியாதை வேண்டாமா?

மார்ச் 19
காது கிழிந்த குரங்கு, என் கிழிகாதி, குட்டி போட்டிருக்கிறாள்! கரி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் மகாமே கேட்டார்: "உன் சக்களத்திக்குப் பிள்ளை பொறந்துச்சாமே?"

ஏப்ரல் 2
தடைமேலேயே ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. கிழிகாதி இல்லை. வுவாயைப் பிடித்துக் கத்தினேன். "மெதுவாத்தான் வந்தேன் அக்கா. அது நடுரோட்டுல உக்காந்து எதையோ பொறுக்கித் தின்னுது." பொய். இலை தின்கிற ஜீவன் தாரில் எதைப் பொறுக்கும்?

ஏப்ரல் 3
வளைவிலேயே காத்திருந்தேன். கரிச் சைக்கிள்கள் வந்தன. தடையில் ஏறி இறங்கும்போது மூட்டை குலுங்கிக் கரி சிதறியது. சைக்கிள்கள் போனதும் கிழிகாதி குட்டியோடு இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.
தின்ற வாதுமை இலை வயிற்றைப் புரட்டினால் அவளுக்குக் கரிதான் மருந்து. எங்கள் கரிச் சூளையிலேயே திருடுகிறவள். இது தெரிஞ்சும் எனக்கு ஏன் தோணல? நான் போட்ட தடைதானே அவள ரோட்டுக்கு இறக்கிச்சு! அதிலும், கரி சிந்திய கடைசிச் சைக்கிள் மகாமேயுடையது.

ஏப்ரல் 4
தடையை எடுக்கச் சொல்ல மாட்டேன். மூட்டைதான் மாற வேண்டும். வாய்க்கு மேலே கோபுரமாகக் குவித்துக் கயிறு கட்டுவதுதான் இங்கே வழக்கம். மூட்டை வாயோடு நிறுத்தித் தைக்கும்படி மகாமேயிடம் சொன்னேன்.
"கோபுரம் இல்லன்னா எவன் வாங்குவான்? உன் குரங்கு வாங்குமா?"
"சூளையில மிஞ்சுறத அங்கேயே விடுங்க. அது வாங்கிக்கும்."
அவர் கோபுரத்தின்மேல் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

ஏப்ரல் 20
மழை. இன்னும் கோபுரம்தான். நானே தினமும் ரோட்டைக் கூட்டுகிறேன். சளைக்க மாட்டேன்.

மே 11
காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்துவிட்டு, இன்று பயந்துகொண்டே வளைவுக்கு ஓடினேன். தென்னந்துடைப்பத்தோடு மகாமே தடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் சைக்கிள். மூட்டை வாய் தைத்திருந்தது.
"வாங்குறவன் ஏசுறான்," என்றார் நிமிராமல். "உன் சக்களத்தியால."
தலைக்கு மேலே கிளை ஆடியது. கிழிகாதி, வயிற்றில் குட்டியோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மரத்துக்குத் தாவினாள். கீழே எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.