வெறும் பானையை நான்தான் வைத்தேன்

அன்பு மகன் கசோண்டேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மழையும் இந்த முறை ஏமாற்றவில்லை, உன் அப்பாவின் கால் மட்டும் ஈரத்தில் வீங்குகிறது, வாய் எப்போதும்போல நன்றாக இருக்கிறது. நீ அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். போனில் நீ கத்துகிறாய், நான் பதில் சொல்வதற்குள் காசு தீர்ந்துபோகிறது, அதனால்தான் கடிதம். காகிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது.

உன் எஸ்னார்ட் அத்தை உனக்குப் போன் செய்து, உங்கம்மா சம்பந்தி முன்னால வெறும் பானைய வெச்சு நம்ம மானத்த வாங்கிட்டா என்று அழுதாளாமே. வைத்தது உண்மை. உன் தங்கை சிலேஷேயின் நெருப்புக் காட்டும் விருந்தில், மாப்பிள்ளை கபாம்ப்வேயின் ஆட்களுக்கு முன்னால், சிகண்டாக் கிழங்குப் பண்டம் இருக்க வேண்டிய இடத்தில் மூடி போட்டு வெறும் பானையை வைத்தேன். ஆனால் அத்தை உனக்கு வாலை மட்டும் காட்டியிருக்கிறாள், மாட்டை நான் காட்டுகிறேன், பொறுமையாகப் படி.

நீ போன பிறகுதான் நம் சதுப்புக்கு லாரிகள் வர ஆரம்பித்தன. சிகண்டா மரவள்ளி மாதிரி குச்சியை ஒடித்து நட்டால் முளைக்கும் சாதி இல்லை, கிழங்கைத் தோண்டினால் செடி போச்சு, அவ்வளவுதான். நாங்கள் முழங்கால் சேற்றில் நின்று தோண்டினோம், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தோம், வேறு வழி என்ன இருந்தது. வனக் காவலர் சாலையில் கூடை சுமக்கும் பெண்களைத்தான் நிறுத்துவார், லாரிக்குக் கையசைத்து வழி விடுவார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண், இது ஆர்க்கிட் பூச்செடி, வேறு நாடுகளில் அழகுக்கு வளர்க்கிறார்கள், நீங்கள் தின்றே அழிக்கிறீர்கள் என்றாள். நாங்க மட்டுமாம்மா தின்னோம், நீ ஓட்டல்ல தின்னதே இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள், தின்றிருக்கிறாள். கடைசியில், நாளெல்லாம் தோண்டினாலும் கூடையின் அடி மறையவில்லை என்று ஆனபோது யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதா கோயில் மாமரத்தடியில் பெண்கள் கூடி உட்கார்ந்து சதுப்பை மூடினோம், ஊர்த்தலைவரும் சரி என்றார். பூத்து, தூசி மாதிரி இருக்கிற அதன் விதை காற்றில் பறந்து, செடி திரும்ப அடர்த்தியாகும் வரை ஒரு கிழங்கும் எடுக்கக் கூடாது. என்னைத் தலைவியாக்கினார்கள், நான் கத்துவேன் என்பதால்.

மூடினால் முழுசாக மூட வேண்டும் என்று ஒரு வெறி எங்களுக்கு. மண்வெட்டி கூடாது, மாடு கூடாது, நெருப்பும் கூடாது என்றோம். புல் காயும் குளிர்காலத்தில் அதைக் கொளுத்தினால் சிகண்டா வெந்துபோகும் என்று எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த மழையில் பூ குறைந்தது, அதற்கடுத்ததில் புல் என் மார்பு உயரத்துக்கு நின்றது, உள்ளே ஒன்றிரண்டு பூ நோயாளி மாதிரி எட்டிப் பார்த்தது. மூடியே கொன்னுட்டாளுங்க என்று ஆண்கள் பீர் குடிக்கும் இடத்தில் சிரித்தார்கள். போன குளிர்காலத்தில் லோம்பே, உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பிதான், எலி பிடிக்க சதுப்பின் கிழக்கு மூலையைக் கொளுத்திவிட்டான். நாங்கள் அவனை இழுத்துவந்து நிறுத்தி ஓர் ஆட்டை அபராதமாக வாங்கி, கூட்டத்திலேயே அறுத்து ன்ஷிமாக் களியோடு தின்றோம். நல்ல ஆடு. இந்த மழை வந்ததும் பார்த்தால், சதுப்பு முழுக்கப் புல், அவன் கருக்கிய மூலையில் மட்டும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் சிகண்டா வரிசை வரிசையாக நிற்கிறது. புல் எரிந்ததும் வெளிச்சம் பட்டிருக்கிறது, கிழங்கு மண்ணுக்குள் சௌக்கியமாக இருந்திருக்கிறது. காலகாலமாகக் கொளுத்திய சதுப்பில்தான் அது வளர்ந்தது என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. லோம்பே என் வாசலுக்கு வந்து, உன் பெயரை வைத்தே என்னைக் கூப்பிட்டு, பனா கசோண்டே, ஆட்ட தின்னது போகட்டும், அடுத்த கூட்டத்துல எலிக்கும் ஒரு நாற்காலி போடுங்க என்றான். அவனுக்கு வேறோர் ஆடு கொடுத்தோம். இனி குளிர்காலத்தில் துண்டு துண்டாகக் கொளுத்தப் போகிறோம், நெருப்புக்கு அவன்தான் பொறுப்பு, அந்தப் பதவி வந்ததிலிருந்து அவன் நடையைத் தாங்க முடியவில்லை.

பூ வந்த அதே நேரத்தில்தான் சிலேஷேயின் விருந்தும் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நம் அடுப்பைக் காட்டுகிற விருந்து, முழுக்கோழி, வறுத்த புழு, கபெண்டா மீன், கீரை எல்லாம் வேண்டும், வேர்க்கடலை இடித்துக் கிண்டிய சிகண்டா இல்லாமல் அது விருந்தே இல்லை, எனக்குத் தெரியாதா. ஒரே ஒரு பானைக்கு அந்த மூலையில் தோண்டு என்றாள் உன் அத்தை. ஊரே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருடம் பனா மூலெங்கா தன் மகள் விருந்துக்கு ஒரு பானை கேட்டுக் கெஞ்சினாள், நான் மறுத்தேன், அவள் சம்பந்திகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அவள் என் முற்றத்தில் வந்து நின்று, மண்வெட்டி வேணுமாக்கா, என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு என்றாள். அன்றைக்கு நான் தோண்டியிருந்தால் மறுநாள் காலையில் சதுப்பில் நூறு மண்வெட்டி இறங்கியிருக்கும், அதில் முதல் மண்வெட்டி அவளுடையதாக இருந்திருக்கும், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

நீ பணம் அனுப்பி, எல்லை தாண்டி வரும் தான்சானியாக் கிழங்கை வாங்கு என்றாய். அங்கே சதுப்பு இல்லையா மகனே, சேற்றில் நிற்கும் பெண்கள் இல்லையா. அவர்கள் கூடையின் அடியும் தெரிய ஆரம்பித்துவிட்டதாம், வியாபாரிகளே சொல்கிறார்கள். என்னுடையதைப் பூட்டிவைத்துவிட்டு அவர்களுடையதைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை. உன் பணத்தில் கோழி வாங்கினேன். சிலேஷே என்னோடு பேசவில்லை, என் கல்யாணத்துலதான் நீ சட்டம் பேசணுமா என்றாள். பிறகு விருந்தன்று காலையில் அவளே வந்து, வெக்கிறதுன்னா நல்ல பானையா வைம்மா, ஓட்டப் பானைய வெச்சா ரெண்டு அவமானம் என்று சொல்லி, அலமாரியிலிருந்து அந்தச் சிவப்புப் பானையை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாப் பானைகளும் போய் முடிந்ததும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போய் மண்டியிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா மூடியைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன இது, காத்தா, இல்ல உங்க ஊரு எலி தின்னுடுச்சா என்றாள். சிகண்டா சதுப்புல பூத்து நிக்குது, இதுல வெந்தா இன்னிக்கு நமக்கு ஒரு வாய், அதோட முடிஞ்சுது, அது என் பேரப்பிள்ளைக்கு இருக்கட்டும் என்றேன். பேரனே இன்னும் வரல, அதுக்குள்ள அவன் சோத்த எடுத்து வெச்சுட்டியா என்றாள், கொஞ்சம் பேர் சிரித்தார்கள், அவர்கள் பெரியவர் ஒருவர் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது நம் பக்கத்துப் பெண்களில் ஒருத்தி பானை வைக்கும் பாட்டை எடுத்துவிட்டாள், நிறைந்த பானைக்குப் பாடுவது போலவே, தொண்டை கிழிய. பனா மூலெங்காதான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

மற்ற பானைகளெல்லாம் வழக்கப்படி கழுவி, உள்ளே சோளமாவும் சர்க்கரையும் வைத்துத் திரும்பி வந்தன. அது மட்டும் வரவில்லை. நெரஞ்சாத்தான் அது பானை, அதுவரைக்கும் எங்க அடுப்புப் பக்கத்துல இருக்கட்டும், நேரம் வந்தா நாங்களே தூக்கிட்டு வருவோம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க என்று கபாம்ப்வே வந்து சொன்னான். அது குத்தல் என்கிறாள் உன் அத்தை, மரியாதை என்கிறார் உன் அப்பா. எனக்கு இரண்டும் ஒன்றுதான். தினமும் அடுப்பு மூட்டும்போது அவர்கள் கண்ணில் அது படுகிறது. செடி அடர்த்தியாவதற்குள் தூக்கிக்கொண்டு வந்தால் வெறும் பானையாகவே திருப்பி அனுப்புவேன். கல்யாணம் நின்றுவிடவில்லை, சிலேஷே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, நீயும் எனக்காகக் கேட்காதே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நம் ஆட்கள் நடத்தும் கடையில் சிகண்டா கிடைக்கிறது என்று தட்டோடு படம் எடுத்து அனுப்பினாயே, அதை எல்லோருக்கும் காட்டினேன், வெட்கமாக இருந்தது. லாரி எதற்காக ஓடுகிறது என்று நினைக்கிறாய், வாங்குகிறவன் இருப்பதால்தான் ஓடுகிறது. இனி வாங்காதே, உன் நண்பர்களிடமும் சொல், திட்டினால் என்னைத் திட்டட்டும், உங்கம்மாதான் திட்டு வாங்கப் பழகியவள். கழுத்தை மூடி வெளியே போ, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, மாதாவிடம் உனக்காக வேண்டிக்கொள்கிறேன், நீண்ட ஆயுளோடு இரு. ஊருக்கு வந்தால் முதல் மழைக்குப் பிறகு வா, உன்னைக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போகிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். பசியோடு வராதே.

உன் அம்மா,
பனா கசோண்டே